சார்ட்டர் பள்ளியை மூடுவது யார் கையில் இருக்கிறது?

உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி மாவட்டம், சார்ட்டர் பள்ளியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதற்கு மேலே இருக்கும் கவுன்டியும் மறுத்தது. மாநிலக் கல்வி வாரியம் மேல்முறையீட்டை விசாரணைக்கே எடுக்கவில்லை. ஜூன் மாதத்தோடு பள்ளி மூடப்படுகிறது. கலிஃபோர்னியாவில் சார்ட்டர் பள்ளி மூடலைப் பற்றிய செய்தி பெரும்பாலும் இந்த நாலு வரியில் அடங்கிவிடும். குழப்பம் அதற்கு அப்புறம்தான். மாநில வாரியம்தானே எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது, அது ஏன் ஒதுங்கிக்கொள்கிறது? மதிப்பெண் நன்றாக வரும் பள்ளிக்குக்கூட ஏன் ஆபத்து வருகிறது? கணக்கில் தில்லுமுல்லு செய்த பள்ளிகள் எப்படி இத்தனை வருடம் தாக்குப்பிடித்தன?

பதிலில் பெரும்பகுதி 2019இல் நிறைவேறி 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏபி 1505 என்ற சட்டத்தில் இருக்கிறது. அதற்குள் போகும் முன் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

சார்ட்டர் என்பது கெடு வைத்த ஒப்பந்தம்

சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி அல்ல. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல் போட்டுத்தான் சேர்க்க வேண்டும். செலவு அரசுப் பணம். ஆனால் பள்ளியை நடத்துவது பள்ளி மாவட்டம் அல்ல; தனி நிர்வாகக் குழு, பெரும்பாலும் லாப நோக்கமற்ற ஒரு நிறுவனம். பாடத்திட்டம், பள்ளி நேரம், ஆசிரியர் நியமனம் ஆகியவற்றில் வழக்கமான அரசுப் பள்ளிக்கு இல்லாத சுதந்திரம் அதற்கு உண்டு. பதிலுக்கு, "எங்கள் மாணவர்கள் இன்னின்ன நிலையை எட்டுவார்கள்" என்று எழுதிக்கொடுக்கிறது. அந்த எழுத்துதான் சார்ட்டர். அதற்கு ஒரு கெடு உண்டு. கலிஃபோர்னியாவில் வழக்கமாக 5 ஆண்டு. கெடு முடிந்தால் ஒப்பந்தம் தானாக நீளாது, பள்ளி மறுபடி வந்து கேட்க வேண்டும்.

1991இல் மின்னசோட்டா இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியா இரண்டாவது மாநிலமாகச் சேர்ந்தது. அன்று மாநிலம் முழுவதற்கும் 100 பள்ளி என்று உச்சவரம்பு வைத்தார்கள். இன்று அங்கே 1,200க்கும் மேற்பட்ட சார்ட்டர் பள்ளிகள் இருக்கின்றன. சிறு பரிசோதனையாகத் தொடங்கியதற்கு எழுதிய விதிகளைக் கொண்டே ஒரு பெரிய அமைப்பை மேய்க்க வேண்டியதாயிற்று. பின்னால் வந்த சிக்கல்களில் பாதிக்கு இதுதான் வேர் என்பது என் கணிப்பு.

பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று, அன்றாட வருகையைக் கணக்கிட்டு அரசுப் பணம் வருகிறது. பிள்ளை சார்ட்டருக்குப் போனால் பணமும் கூடவே போகும். ஆகவே புதிய சார்ட்டருக்கு அனுமதி கேட்டு வரும் மனுவைத் தீர்மானிக்கிற பள்ளி மாவட்டமே அதனால் பணம் இழக்கிற தரப்பாகவும் இருக்கிறது. சார்ட்டர் தரப்பின் நெடுநாள் புகார் இது. பள்ளி மாவட்டங்களின் புகார் வேறு: "நாங்கள் மறுத்தால் மேலே போய் வாங்கிவந்துவிடுகிறார்கள்." இரண்டிலுமே உண்மை இருக்கிறது.

மூன்று வாசல், இப்போது இரண்டரை

2020க்கு முன்பு நடைமுறை இப்படி இருந்தது:

1. முதலில் உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்தின் வாரியத்திடம் மனு. இதன் உறுப்பினர்கள் தேர்தலில் வென்றவர்கள்.

2. அங்கே மறுத்தால் கவுன்டிக் கல்வி வாரியம். அது மனுவைப் புதிதாகப் படித்துத் தானே முடிவெடுக்கும். ஒப்புக்கொண்டால் அந்தப் பள்ளியை மேற்பார்க்கும் பொறுப்பும் கவுன்டிக்கே.

3. அங்கேயும் மறுத்தால் மாநிலக் கல்வி வாரியம். ஆளுநர் நியமிக்கும் 11 உறுப்பினர்கள், அதில் ஒருவர் பள்ளி மாணவர். இந்த வாரியமும் மனுவை முதலிலிருந்து படித்து, "சரி" என்றால் தானே அந்தப் பள்ளியின் அனுமதியாளர் ஆகிவிடும். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் உட்கார்ந்துகொண்டு, பல நூறு மைல் தள்ளியிருக்கும் ஒரு பள்ளியின் கணக்கையும் வகுப்பறையையும் கண்காணிக்க வேண்டிய நிலை.

ஏபி 1505 மூன்றாவது வாசலைப் பாதி மூடியது. மாநில வாரியம் இனி எந்தப் பள்ளிக்கும் தானே அனுமதியாளர் ஆக முடியாது. மேல்முறையீடு வந்தால் ஒரே ஒரு கேள்வியைத்தான் அது பார்க்கலாம்: பள்ளி மாவட்டமோ கவுன்டியோ, இரண்டுமோ, தங்கள் தீர்மானிக்கும் உரிமையை முறைகேடாகப் பயன்படுத்தினவா? "ஆம்" என்றால் மறுப்பைத் தள்ளிவிட்டு, மேற்பார்வைப் பொறுப்பை அந்த மாவட்டத்திடமோ கவுன்டியிடமோ ஒப்படைக்கும். மறுத்தவரே மேற்பார்வை செய்ய வேண்டிவரும் என்பதுதான் இதில் வேடிக்கை.

இந்தச் சட்டம் திடீரென்று முளைக்கவில்லை. 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அடுத்த மாதம் ஓக்லாந்து. இரண்டு இடத்திலும் சார்ட்டர்களின் வளர்ச்சி ஒரு முக்கியப் பிரச்சினை. ஆளுநர் கேவின் நியூசம் கேட்டுக்கொண்டபடி, மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர் டோனி தர்மண்ட் தலைமையில் ஒரு குழு கூடி ஜூனில் அறிக்கை கொடுத்தது. அக்டோபரில் சட்டம் கையெழுத்தானது. ஆசிரியர் சங்கங்களும் சார்ட்டர் அமைப்புகளும் ஆளுநர் அலுவலகமும் பேசி முடித்த சமரசம் அது. அதனால்தான் சில பிரிவுகள் ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் பிடுங்குவதுபோல் இருக்கும். புதிய பள்ளி கேட்டு வரும் மனுவை, "எங்கள் மாவட்டத்தின் நிதிநிலை இதைத் தாங்காது" என்று சொல்லி மறுக்கலாம் என்று அனுமதித்தார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பள்ளி, விரிவாக்கம் எதுவும் கேட்காமல் புதுப்பிக்க வந்தால் அந்தக் காரணம் செல்லாது. செய்திகளில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது அடிக்கடி நடக்கிறது.

நிறம் பார்த்துப் பிரிக்கிறார்கள்

புதுப்பிக்க வரும் பள்ளியை மூன்று அடுக்கில் ஒன்றில் வைக்க வேண்டும் என்கிறது சட்டம். அளவுகோல், கலிஃபோர்னியா பள்ளி டாஷ்போர்டு என்ற மாநிலத்தின் மதிப்பீட்டுப் பலகை. ஆங்கிலம், கணிதத் தேர்வுகள், நாள்பட்ட வருகைக் குறைவு, இடைநீக்கங்கள், பள்ளிப் படிப்பை முடிக்கும் விகிதம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். சிவப்பு கடைசி, அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் உச்சம். ஓராண்டில் எங்கே நிற்கிறது என்பதோடு, முந்தைய ஆண்டிலிருந்து ஏறியதா இறங்கியதா என்பதையும் சேர்த்துத்தான் நிறம் தீர்மானிக்கப்படுகிறது.

மேல் அடுக்கு: முடிவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் எல்லாக் குறியீடுகளும் பச்சை அல்லது நீலம். அல்லது, கல்விக் குறியீடுகளில் பள்ளி மாநிலச் சராசரிக்குக் குறையாமல் இருப்பதோடு, மாநில அளவில் பின்தங்கிய மாணவர் பிரிவுகளில் பெரும்பான்மை இந்தப் பள்ளியில் மாநிலச் சராசரியைத் தாண்டியிருக்க வேண்டும். இவர்களுக்கு 5 முதல் 7 ஆண்டு வரை நீட்டிப்பு.

கீழ் அடுக்கு இதற்கு நேர் எதிர். எல்லாம் சிவப்பு, ஆரஞ்சு. அல்லது சராசரியும் கீழே, பின்தங்கிய பிரிவுகளும் கீழே. இங்கே சட்டத்தின் தொனியே மாறிவிடுகிறது: புதுப்பிக்கக் கூடாது என்பதுதான் பொதுவிதி. விதிவிலக்குக்கு இரண்டு கதவையும் தாண்ட வேண்டும். பின்னடைவின் காரணத்தைச் சரிசெய்ய உருப்படியான நடவடிக்கைகளைப் பள்ளி எடுத்துவருகிறது, அதற்கு நிர்வாகக் குழு ஏற்ற எழுத்துபூர்வமான திட்டம் உண்டு என்பது ஒன்று. பள்ளியில் இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மாணவர் குறைந்தது ஓராண்டு வளர்ச்சி கண்டிருக்கிறார், அல்லது பள்ளிக்குப் பிறகு கல்லூரியில் சேர்ந்து தாக்குப்பிடிப்பதில் ஒத்த நிலை மாணவர்களுக்கு இணையாக இருக்கிறார் என்று தெளிவான ஆதாரம் காட்டுவது மற்றொன்று. தாண்டினாலும் கிடைப்பது 2 ஆண்டுதான்.

நடு அடுக்கு என்பது இந்த இரண்டிலும் சேராத எல்லாப் பள்ளிகளும். சண்டை நடப்பது இங்கேதான். 5 ஆண்டு நீட்டிப்பு கிடைக்கும். மறுக்க வேண்டுமானால் வாரியம் எழுதியே ஆக வேண்டியவை: பள்ளி போதிய முன்னேற்றம் காட்டவில்லை, மூடுவதே மாணவர்களுக்கு நல்லது, கல்வி அளவீடுகளுக்கு அதிக எடை கொடுத்தே இந்த முடிவுக்கு வந்தோம். "மூடுவதே மாணவர்களுக்கு நல்லது" என்று எழுதுவது லேசான காரியம் இல்லை. அடுத்த தெருவில் இருக்கும் மாவட்டப் பள்ளியும் ஆரஞ்சிலேயே நின்றால் அந்த வாக்கியத்துக்குக் கால் இல்லை.

அடுக்கு எதுவானாலும் இன்னொரு கத்தியும் தொங்குகிறது. நிதியிலோ நிர்வாகத்திலோ பெரிய கோளாறு இருக்கிறது, அல்லது சேர விரும்பும் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளி சேர்த்துக்கொள்வதில்லை என்றால், மேல் அடுக்குப் பள்ளியையும் மறுக்கலாம். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, சரிசெய்ய வாய்ப்பும் தர வேண்டும்.

இவ்வளவு கச்சிதமாக வடிவமைத்த ஏற்பாடு அமலுக்கு வந்த ஆண்டு 2020. கொரோனாவால் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் டாஷ்போர்டில் நிறங்களே வரவில்லை. 2022இல் நிலை மட்டும் காட்டினார்கள். முந்தைய ஆண்டோடு ஒப்பிட முடியாததால் நிறம் இல்லை. 2023 டிசம்பரில்தான் நிறங்கள் திரும்பின. அளவுகோலே இல்லாமல் எதை அளப்பது? 2021இல் சட்டமன்றம், புதுப்பிக்க வேண்டிய பள்ளிகளின் கெடுவை 2 ஆண்டு தள்ளியது. 2023இல் இன்னும் ஓராண்டு. ஒரே சமயத்தில் ஏராளமான பள்ளிகள் புதுப்பிக்க வந்து நிற்பதைப் பார்த்தால், அது இந்தத் தள்ளிவைப்பின் விளைவு.

கூட்ட அரங்கில்

மனு வந்து 60 நாளுக்குள் பொது விசாரணை, 90 நாளுக்குள் முடிவு. முடிவெடுக்கும் கூட்டத்துக்கு 15 நாள் முன்பே மாவட்ட ஊழியர்கள் தங்கள் அறிக்கையையும் பரிந்துரையையும் வெளியிட வேண்டும்.

கூட்டத்தன்று அரங்கம் நிறைந்திருக்கும். ஒரே நிற டி-ஷர்ட்டில் பிள்ளைகள், மடியில் கைக்குழந்தையோடு அம்மாக்கள், ஸ்பானிய மொழிபெயர்ப்புக்கு ஹெட்போன். பேசுபவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு நிமிடம். கடிகாரம் ஓடி, சிவப்பு விளக்கு எரிந்ததும் மைக் நின்றுவிடும். எட்டாம் வகுப்பு மாணவி அழுதுகொண்டே பேசுவதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். முடிவைத் தீர்மானிக்கப்போவது அநேகமாக அது அல்ல, 15 நாள் முன்பே இணையத்தில் ஏறிவிட்ட அந்த ஊழியர் அறிக்கை. மேல்முறையீட்டில் கூடவே போவதும் அதுதான். பெற்றோர் அந்த அறிக்கையின் முதல் சில பக்கங்களில் பள்ளியை எந்த அடுக்கில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும், கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பது ஓரளவு புரிந்துவிடும்.

மாநில வாரியத்திடம் போனால் என்ன நடக்கும்?

மாவட்டம் மறுத்தால் 30 நாளுக்குள் கவுன்டிக்குப் போகலாம். கவுன்டி முன்போலவே புதிதாகப் பார்க்கும். ஆனால் மேல்முறையீட்டு மனுவில் புதிய அம்சங்களைச் சேர்த்தால் கவுன்டி அதை மாவட்டத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். அங்கே குறைகளைக் கேட்டுக்கொண்டு இங்கே வேறு மனுவை நீட்டும் வேலை இனி நடக்காது. கவுன்டியும் மறுத்தால், இன்னொரு 30 நாளுக்குள் மாநில வாரியம்.

மாநில வாரியத்தின் இன்றைய வேலையைப் புரிந்துகொள்ள கிரிக்கெட்டே வசதி. எல்பிடபிள்யூவில் பந்து ஸ்டம்பின் ஓரத்தை உரசுவதாக டிஆர்எஸ் காட்டினால், "அம்பயர்ஸ் கால்" என்று களத்து நடுவரின் முடிவையே வைத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது நடுவர் தானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது கேள்வி இல்லை. மாநில வாரியமும் அப்படித்தான்: கீழே எடுத்த முடிவுக்கு ஆவணங்களில் நியாயமான ஆதாரம் இருக்கிறதா, நடைமுறை நேர்மையாக இருந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டும். புதிய சாட்சி, புதிய மதிப்பெண் எதுவும் எடுபடாது; கீழே நடந்த கூட்டங்களின் பதிவும் தாள்களும்தான். சார்ட்டர் பள்ளிகளுக்கான ஆலோசனைக் குழு முதலில் படித்துப் பரிந்துரை சொல்லும். விசாரிக்க எதுவுமில்லை என்று தோன்றினால் வாரியம் அங்கேயே தள்ளுபடி செய்துவிடலாம்.

இந்த எல்லை எவ்வளவு குறுகியது என்பதை நாபா பள்ளத்தாக்கில் நடந்தது காட்டியது. மாயகாமாஸ் என்ற நடுநிலைப் பள்ளியைத் தொடங்கக் கேட்ட மனுவை நாபா பள்ளி மாவட்டமும் கவுன்டியும் மறுத்திருந்தன. அது புதுப்பித்தல் அல்ல, புதிய பள்ளி. ஆனால் மேல்முறையீட்டு அளவுகோல் ஒன்றுதான். 2022 செப்டம்பரில் மாநில வாரியம் அந்த மறுப்புகளைத் தள்ளியது. மாவட்டம் நீதிமன்றம் போனது. 2023இல் சாக்ரமென்டோ உயர்நிலை நீதிமன்றம் மாவட்டத்தின் பக்கம் நின்றது: மாவட்டத்தின் முடிவுக்கு ஆவணத்தில் ஆதாரம் இருக்கும்போது, மாநில வாரியம் தன் கருத்தை அதன்மேல் ஏற்ற முடியாது. புதிய சட்டத்தின் முதல் பெரிய மோதலிலேயே மூன்றாவது நடுவருக்கு எல்லைக்கோடு போட்டுவிட்டார்கள்.

பொறுப்பு உள்ளூருக்கு இறங்கியது சரியானதே என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. உள்ளூர் வாரியத்தில் சார்ட்டர் ஆதரவாளர்களும் ஆசிரியர் சங்கமும் தேர்தலுக்குத் தேர்தல் பணம் கொட்டுகிறார்கள். இரண்டு இடம் கைமாறினால் அதே பள்ளிக்கு வேறு முடிவு வரும். முன்பு அதைச் சமன்செய்ய ஒரு மேல்தளம் இருந்தது. இப்போது இருப்பது ஆவணத்தைப் படிக்கும் தளம். நல்ல பள்ளியை விட, நல்ல வக்கீல் வைத்து மனுவைக் கச்சிதமாக எழுதும் பள்ளிக்கு இதில் சாதகம் அதிகம். பெரிய சங்கிலி நிறுவனங்களுக்கு அது கைவந்த கலை. ஒரே கட்டிடத்தில் இருநூறு பிள்ளைகளோடு நடக்கும் தனிப் பள்ளிக்கு இல்லை.

நடுவழியில் ரத்து: ஓக்லாந்து பாடம்

புதுப்பிக்க மறுப்பது வேறு, கெடு இருக்கும்போதே ரத்து செய்வது வேறு. ரத்துக்குச் சட்டம் நான்கு காரணங்களைச் சொல்கிறது: ஒப்பந்த நிபந்தனைகளை முக்கியமான அளவில் மீறுவது, வாக்களித்த கல்வி இலக்குகளை எட்டாதது, கணக்கு முறைகேடு, சட்டத்தை மீறுவது. எழுத்தில் அறிவிப்பு, திருத்திக்கொள்ள நேரம், அப்புறம் பொது விசாரணை, அப்புறம்தான் முடிவு. இதில் மாநில வாரியத்துக்குத் தனி அதிகாரமும் உண்டு. பெரும் நிதிச் சீர்கேடு, சொந்த லாபத்துக்காகப் பள்ளிப் பணத்தைப் பயன்படுத்துவது போன்றவை நடந்தால், மாநிலக் கண்காணிப்பாளரின் பரிந்துரையில் அது நேரடியாக நடவடிக்கை எடுக்கலாம், ரத்துகூடச் செய்யலாம்.

ஓக்லாந்தில் அமெரிக்கன் இந்தியன் மாடல் ஸ்கூல்ஸ் என்ற நிறுவனம் மூன்று பள்ளிகள் நடத்திவந்தது. பெரும்பாலும் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள். மாநிலத் தேர்வில் கலிஃபோர்னியாவின் உச்சிப் பள்ளிகளோடு போட்டி போட்ட மதிப்பெண். 2012இல் மாநிலத்தின் நிதி ஆய்வுக் குழு கணக்கைப் பார்த்தபோது, பள்ளியின் முன்னாள் இயக்குநருக்கும் அவர் குடும்பத்தோடு தொடர்புள்ள நிறுவனங்களுக்கும் சுமார் 38 லட்சம் டாலர் போயிருந்தது. 2013 மார்ச்சில் ஓக்லாந்து வாரியம் ரத்து செய்தது. நீதிமன்றம் தடை போட்டது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடையை உறுதிசெய்தது. பணம் போனது பொய் என்று நீதிபதிகள் சொல்லவில்லை. ரத்து செய்யும்போது மாணவர்களின் கல்வி முன்னேற்றத்தையே மிக முக்கியக் காரணியாக எடைபோட வேண்டும் என்று 2012இல் சேர்த்த ஒரு வரி சட்டத்தில் இருந்தது. வாரியம் அப்படி எடைபோட்டதற்குப் பதிவில் அறிகுறி இல்லை என்பதுதான் சிக்கல்.

பெரியவர் திருடியதற்குப் பிள்ளைகளின் பள்ளியை மூடலாமா என்ற கேள்விக்கு ஒப்பந்த மொழியில் பதில் கிடையாது. இந்த வழக்கில் பள்ளிகள் பிழைத்தன. நிர்வாகம் மாறியது.

காவல்காரருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?

இந்த ஏற்பாட்டிலேயே ஆகப் பலவீனமான கண்ணி இதுதான். மேற்பார்வைச் செலவுக்காகச் சார்ட்டர் பள்ளியின் வருவாயில் 1 சதவீதம் வரை அனுமதியாளர் எடுத்துக்கொள்ளலாம். வாடகையில்லாமல் கட்டிடம் கொடுத்திருந்தால் 3 சதவீதம் வரை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிள்ளைக்கு 12,000 டாலர் என்று வைத்தால் 400 பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து வருவது 48,000 டாலர். ஒழுங்கான ஒரு ஊழியருக்குக்கூடக் காணாது. அதே 1 சதவீதம், 5,000 பேர் படிக்கும் இணையவழிப் பள்ளியில் 6 லட்சம் டாலர். சொந்தமாக ஒரே ஒரு தொடக்கப் பள்ளி வைத்திருக்கும் குட்டி மாவட்டத்துக்கு அது அடித்த யோகம். அந்தப் பள்ளியை மூடச் சொல்ல அதற்கு மனம் வருமா?

ஏ3 எஜுகேஷன் என்ற சார்ட்டர் நிறுவனத்தின் வழக்கு இந்த ஓட்டையில்தான் வளர்ந்தது. 2019 மே மாதம் சான் டியாகோ மாவட்ட வழக்கறிஞர் அலுவலகம் 11 பேர்மீது குற்றம் சாட்டியது. 19 இணையவழிச் சார்ட்டர்கள், மாநிலத்திடமிருந்து சுமார் 40 கோடி டாலர். கோடைக்கால விளையாட்டு அணிகளிலிருந்து பிள்ளைகளின் விவரங்களை வாங்கி, அவர்களை மாணவர்களாகப் பதிவுசெய்து, வருகைக்கான பணத்தை எடுத்தார்கள். பல குடும்பங்களுக்குத் தங்கள் பிள்ளை ஒரு சார்ட்டரில் "படிப்பது" தெரியவே தெரியாது. அனுமதி கொடுத்தவை பெரும்பாலும் சிறு மாவட்டங்கள்; குற்றம் சாட்டப்பட்டவர்களில் அப்படியொரு மாவட்டத்தின் கண்காணிப்பாளரும் ஒருவர். 2021இல் தலைமைக் குற்றவாளிகள் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 20 கோடி டாலருக்கு மேல் மீட்கப்பட்டது. ஏபி 1505, வகுப்பறை அல்லாத புதிய சார்ட்டர்களுக்குத் தடை போட்டதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். அந்தத் தடையை அப்புறம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நீட்டினார்கள். ஆனால் 1 சதவீத ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

ஓஹாயோவில் வேறு வழி

மாநில வாரியத்தின் கையில் பணப்பையும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓஹாயோவின் ஈகாட் உதாரணம். 2000இல் தொடங்கிய இந்த இணையவழிப் பள்ளி 2015-16இல் 15,300க்கும் மேற்பட்ட முழுநேர மாணவர்களுக்குப் பணம் வாங்கியது. மாணவர்கள் உள்ளே நுழைந்து எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்ற பதிவை மாநிலக் கல்வித் துறை சரிபார்த்தபோது, சுமார் 6,300 பேருக்குத்தான் கணக்கு நின்றது. "கற்கும் வாய்ப்பைத் தருவதே எங்கள் கடமை, மாணவர் பயன்படுத்தினாரா என்பது எங்கள் பொறுப்பல்ல" என்று பள்ளி வாதாடியது. சாப்பாடு போட்டேன், சாப்பிட்டாரா என்று நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்பதுபோல.

2017 ஜூனில் ஓஹாயோ மாநிலக் கல்வி வாரியம் 6 கோடி டாலரைத் திரும்பக் கேட்டது. மாதாமாதம் வரும் பணத்திலிருந்து பிடித்தம் தொடங்கியது. 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், பள்ளியின் மேற்பார்வை அமைப்பு விலகிக்கொள்ள, ஈகாட் மூடியது. சுமார் 12,000 பிள்ளைகள் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓஹாயோ உச்ச நீதிமன்றம், மாணவர் செலவிட்ட நேரத்தைத் துறை கணக்கில் எடுத்தது சரியே என்றது. சரியான முடிவுதான். அது பத்து வருடம் முன்பே வந்திருந்தால் அத்தனை பிள்ளைகள் நடு ஆண்டில் தெருவில் நின்றிருக்க மாட்டார்கள்.

டெக்சஸ் வாரியங்களின் மனநிலையையே நம்பவில்லை. 2013 சட்டப்படி, தொடர்ந்து மூன்று ஆண்டு கல்வியிலோ நிதியிலோ தேறாத சார்ட்டரை மாநில ஆணையர் ரத்து செய்தே ஆக வேண்டும். கூட்டமும் கண்ணீரும் கணக்கில் வராது. அரிசோனாவோ முதல் ஒப்பந்தத்தையே 15 ஆண்டுக்குக் கொடுத்து, 20 ஆண்டுக்குப் புதுப்பிக்கிறது. இடையில் சோதனைகள் உண்டு. ஆனாலும் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளியை முடித்துப் போன பிறகுதான் அந்தப் பள்ளியின் ஒப்பந்தம் முதல் முறையாகப் புதுப்பிக்க வரும்.

மூடிய பிறகு

2004 ஆகஸ்டில், பள்ளி திறக்கச் சில வாரமே இருந்தபோது, கலிஃபோர்னியா சார்ட்டர் அகாடமி என்ற சங்கிலி சரிந்தது. மாநிலம் முழுவதும் சுமார் 60 இடங்கள், 10,000 அளவில் மாணவர்கள். மாற்றுச் சான்றிதழ் எங்கே வாங்குவது, மதிப்பெண் பதிவு யாரிடம் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. மூடலுக்கான விதிகள் இறுகியதில் அந்தச் சரிவுக்குப் பங்கு உண்டு. இப்போது ஒவ்வொரு சார்ட்டர் மனுவிலும், "மூட நேர்ந்தால் எப்படி மூடுவோம்" என்ற பகுதி இருந்தே ஆக வேண்டும். திறக்கும் நாளிலேயே எழுதிக்கொடுக்க வேண்டியவை:

1. மூடும் வேலைக்குப் பொறுப்பான நபர் அல்லது அமைப்பு எது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும்.

2. பெற்றோர், அனுமதியாளர், கவுன்டி அலுவலகம், மாநிலக் கல்வித் துறை, சிறப்புக் கல்வி அமைப்பு, ஆசிரியர் ஓய்வூதிய நிதி ஆகியோருக்கு அறிவிப்பு. எந்த நாளில் மூடுகிறது, பிள்ளைகளின் சொந்தப் பள்ளி மாவட்டம் எது, பதிவுகளை எப்படிப் பெறுவது எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

3. 6 மாதத்துக்குள் இறுதித் தணிக்கை. மிச்சமிருக்கும் சொத்தும் கடனும் யாருக்கு என்ற கணக்கு.

பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதுதான் விதிகள் தொடாத இடம். ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ ஆய்வு மையம் 2017இல் 26 மாநிலங்களில் மூடப்பட்ட, பின்தங்கிய 1,500க்கும் மேற்பட்ட பள்ளிகளை ஆராய்ந்தது. சார்ட்டரும் உண்டு, வழக்கமான அரசுப் பள்ளியும் உண்டு. இடம் மாறிய மாணவர்களில் முந்தையதைவிட நல்ல பள்ளியில் சேர்ந்தவர்கள் பாதிக்கும் குறைவு. அப்படிச் சேர்ந்தவர்கள் மேலே வந்தார்கள், மற்றவர்கள் பின்தங்கினார்கள்.

ஊழியர் அறிக்கையில் "மூடுவதே மாணவர்களுக்கு நல்லது" என்ற வரி வந்தால், அடுத்து வாரியத்திடம் கேட்க வேண்டியது இதைத்தான்: அந்த இருநூறோ முந்நூறோ பிள்ளைகளுக்கு ஆகஸ்டில் எந்தப் பள்ளியில் இடம் இருக்கிறது, அந்தப் பள்ளியின் டாஷ்போர்டு நிறம் என்ன? இந்தக் கணக்கை இணைத்துத்தான் மறுப்பு வர வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.